முழங்கால் தண்ணீரில் வளரும் மீன்: ஏரியோரமும் மீன்குஞ்சும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரியைத் தூர்வாரும் பேச்சு எழும்போதும், புது மழையில் கண்மாய் நிறையும்போதும், ஏலம் எடுத்தவர் "இந்த வருஷம் மீன் ஒன்றும் தேறவில்லை" என்று அலுத்துக்கொள்ளும்போதும் வருகிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஏரி, குளம், கண்மாய்களிலிருந்து. சோதனை, ஆய்வு என்று வரும்போது அமெரிக்காவுக்கும் உகாண்டாவுக்கும் கொஞ்சம் போய் வருவோம்.

நடுவில்தானே தண்ணீர் அதிகம்? குஞ்சு மட்டும் ஏன் ஓரத்தையே சுற்றுகிறது?

தண்ணீர் அதிகம் இருப்பது பெரிய மீனுக்கு வசதி. அரை அங்குலக் குஞ்சுக்கு வேண்டியது வேறு: வாய்க்குள் போகிற அளவில் இரை, ஒளிய ஓர் இடம், கொஞ்சம் வெதுவெதுப்பு. இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது வெயில் அடிமண் வரை எட்டுகிற ஓரத் தண்ணீரில்தான். வெளிச்சம் எட்டினால் செடி முளைக்கும், செடித் தண்டில் வழவழவென்று ஒரு பாசிப் படலம் ஏறும், அதை மேய நுண்ணுயிர்களும் புழு பூச்சிகளும் வரும், அவற்றைத் தேடிக் குஞ்சு வரும். நடு ஏரியில் ஓர் ஆழத்துக்குக் கீழே இருட்டு. செடியும் இல்லை, மறைவும் இல்லை.

சூடு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆழமில்லாத தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும், சூடு ஏறினால் மீனுக்குச் செரிமானமும் வளர்ச்சியும் வேகம் பிடிக்கும் (ஓர் எல்லை வரைதான், சித்திரை வெயிலில் ஓரத் தண்ணீர் கொதிக்கும்போது குஞ்சும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய்விடும்). குஞ்சுப் பருவத்தில் சீக்கிரம் வளர்வதுதான் தப்பிக்கிற வழி, ஏனென்றால் வளர வளர அதை விழுங்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

ஓரம் என்றால் எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம்?

அடி எண்ணிக்கையில் எல்லா ஊருக்கும் பொருந்துகிற கணக்கு கிடையாது. வெளிச்சம் எதுவரை தரையைத் தொடுகிறதோ அதுவரை. கண்ணாடி போலத் தெளிந்த மலை ஏரியில் இது பல மீட்டர் ஆழம் வரை போகும். களிமண் கலங்கிய நம் ஏரிகளில் பெரும்பாலும் முழங்காலிலிருந்து இடுப்பு வரை, அவ்வளவுதான்.

ஆனால் நம் ஏரிகளில் ஒரு விசேஷம் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளாமல் மீதி எதுவும் புரியாது. நம்முடையது பெரும்பாலும் சரிவான நிலத்தில் ஒரு பக்கம் மட்டும் கரை போட்டுத் தேக்கிய தண்ணீர். கரையை ஒட்டித்தான், அதிலும் மடைப் பக்கம்தான், ஆழம் அதிகம். கரையின் உட்சரிவில் கல் பதித்திருப்பார்கள், கால் வைத்தால் இரண்டாவது எட்டிலேயே கழுத்து வரை போய்விடும். எதிர்ப்பக்கம், வரத்துக்கால் வந்து சேர்கிற உள்வாய்ப் பகுதி, தட்டையாக விரிந்து கிடக்கும். தண்ணீர் ஓர் அடி ஏறினால் அங்கே பல ஏக்கர் நனையும், ஓர் அடி இறங்கினால் அதே அளவு காயும். கோடையில் மாடு மேய்கிற, சில ஊர்களில் வெள்ளரி போடுகிற அந்த இடம்தான் மழைக்காலத்தில் மீன்குஞ்சு வளர்கிற இடம்.

கரைமேல் நின்று ஏரியைப் பார்க்கிற நமக்கு ஏரியின் ஓரம் என்றால் காலடியில் இருக்கிற கல்சரிவுதான் ஞாபகம் வரும். குஞ்சு இருப்பது அக்கரையில், ஆள் போகாத சேற்றில். அதனால்தான் உள்வாயைப் பட்டா போட்டாலும் மண் கொட்டி மேடாக்கினாலும் "ஏரிதான் நிறைந்து கிடக்கிறதே" என்று நமக்குத் தோன்றுகிறது.

முட்டையிலிருந்து வந்ததும் குஞ்சு என்ன தின்னும்?

முதலில் ஒன்றும் தின்னாது. வயிற்றில் மஞ்சள் கரு நிறைந்த பை ஒன்று ஒட்டியிருக்கும், நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் அது கரைந்துவிடும். "மீன் குஞ்சுக்கு நீந்தவா கற்றுத்தர வேண்டும்" என்பார்கள், ஆனால் அந்த இரண்டு மூன்று நாளும் பல இனக் குஞ்சுகளுக்கு ஒழுங்காக நீந்தவே வராது. செடியிலோ மண்ணிலோ ஒண்டிக் கிடக்கும், அல்லது தலைகீழாகத் துடித்துத் துடித்து மிதக்கும். கரு தீர்ந்ததும் உடனே இரை வேண்டும். ரோட்டிஃபர் மாதிரி கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள், அப்புறம் டாஃப்னியா என்கிற தண்ணீர்ப் பேன், அப்புறம் சிவப்பு நூல் துண்டு மாதிரி சேற்றில் நெளியும், கொசு மாதிரி ஒரு பூச்சியின் புழு, இப்படி வாய் பெரிதாகப் பெரிதாக இரையும் பெரிதாகும். கரு தீர்ந்த சில நாளுக்குள் கண்முன்னால் இரை இல்லையென்றால் குஞ்சு செத்துப்போகும். தண்ணீரில் எங்கோ இரை இருந்து பயனில்லை, அந்த வயதுக் குஞ்சால் தேடி அலைய முடியாது.

கண்ணால் பார்க்க ஆசையா? கோரைத் தண்டை ஒட்டி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். முதலில் வெறும் கலங்கல். கொஞ்சம் தூசி அடங்கியதும் வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டித் துள்ளுவது தெரியும், அவை தண்ணீர்ப் பேன்கள். வாலில் இரண்டு மூட்டை தொங்க அம்பு மாதிரி பாய்வது இன்னொரு வகை, அந்த மூட்டைகள் முட்டைப் பைகள். நடு ஏரியிலிருந்தும் ஒரு டம்ளர் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீதி விளக்கம் தேவைப்படாது.

வருஷா வருஷம் வற்றிப்போகிற கண்மாயில் இதெல்லாம் எங்கிருந்து வருகிறது?

மண்ணிலிருந்தே. தண்ணீர்ப் பேனும் ரோட்டிஃபரும் தண்ணீர் வற்றும் காலத்தில் தடித்த ஓடுள்ள முட்டைகளை இட்டுவிட்டுச் சாகும். அந்த முட்டைகள் வெடித்த களிமண்ணுக்குள் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், உயிரோடு கிடக்கும். ஐப்பசி மழையில் உள்வாய் நனைந்ததும் பொரிக்கும். அதே நேரத்தில் கோடை முழுக்க விழுந்த மாட்டுச் சாணமும் மூழ்கிய புல்லும் அழுகி, பாக்டீரியா பெருகி, இவற்றுக்குத் தீனியாகும். மீன்பண்ணைக்காரர்கள் நாற்றங்கால் குளத்தைக் காயப்போட்டு, சாணம் இட்டு, தண்ணீர் விட்டு, சில நாள் கழித்துத்தான் குஞ்சு விடுவார்கள். கண்மாய் அதைத் தானாகவே செய்கிறது.

புது வெள்ளத்தில் மீன் ஏறுகிறது என்கிறோமே, வரத்துக்காலில் எதிர்நீச்சல் போட்டு மேலே போகிற கெண்டையும் கெளுத்தியும் அதற்குத்தான் போகின்றன. அப்போதுதான் நனைந்த தண்ணீரில் முட்டையிட்டால், குஞ்சு வெளிவந்து கருவும் தீரும் நேரத்தில் இரை தயாராக இருக்கும். வரத்துக்காலின் வாயில் வலை கட்டி ஏறுகிற மீனை அள்ளுவது எவ்வளவு சுலபமோ அவ்வளவு நஷ்டம், வயிறு நிறைய முட்டையோடு போகிற மீன்தான் அதில் விழுகிறது.

எல்லா மீனும் ஓரத்தில்தான் முட்டையிடுமா?

பெரும்பாலான ஏரி மீன்கள் அப்படித்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி.

விராலைப் பார்ப்போம். செடி அடர்ந்த ஓரத்தில் கொஞ்சம் செடியை விலக்கி ஒரு தட்டு அளவுக்கு வெட்டவெளி ஆக்கும், முட்டை அதில் எண்ணெய்ச் சொட்டு மாதிரி மிதக்கும், ஓரிரு நாளில் பொரித்துவிடும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில், ஒரே உருண்டையாக நகரும். தண்ணீருக்கு மேலே பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் மழை தூறுகிற மாதிரி பொட்டுப் பொட்டாகத் தெரியும், குஞ்சுகள் மூச்சுக்காற்றுக்கு வந்து போவது அது. அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும், இதை வைத்துத்தான் தவளையைத் தூண்டிலில் கோத்து உருண்டைக்குள் வீசிப் பிடிக்கிறார்கள். கிடைப்பது ஒரு விரால். காவல் போன உருண்டையை அன்றைக்கே மற்ற மீன்கள் காலி செய்துவிடும். எனக்கு இந்த ஒரு விஷயத்தில் சமாதானம் கிடையாது: குஞ்சோடு இருக்கிற விராலைப் பிடிக்காதீர்கள்.

ஜிலேபி மீனில் (திலேப்பியா) ஆண் ஓரச் சேற்றில் வட்டமாகக் குழி தோண்டும். மாசி பங்குனியில் தண்ணீர் இறங்கியதும் உள்வாயில் தாம்பாளம் தாம்பாளமாகத் தெரியும் குழிகள் அதன் வேலைதான். பெண் குழியில் முட்டையிட்டு உடனே வாயில் அள்ளிக்கொள்ளும், குஞ்சு ஆனபிறகும் சில நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்து, பிறகு கணுக்கால் ஆழத் தண்ணீரில் கொண்டுபோய் விடும். ஆபத்து என்றால் மறுபடி வாய்க்குள்.

சாதாக்கெண்டையின் முட்டை பசை மாதிரி ஒட்டும், செடியில் ஒட்டினால்தான் மூச்சு முட்டாமல் பொரிக்கும், சேற்றில் விழுந்தால் போச்சு. இதனால்தான் பண்ணைகளில் முட்டையிடும் தொட்டிக்குள் ஹைட்ரில்லா கொடியை அள்ளிப் போடுகிறார்கள். பனையேறிக் கெண்டை முட்டையை மிதக்க விட்டுவிட்டுப் போய்விடும், காவலெல்லாம் இல்லை. தேளியும் கெளுத்தியும் வாய்ப்புக் கிடைத்தால் நீர் நிற்கிற வயலுக்குள்ளேயே புகுந்துவிடும், அதனால் நாற்று நட்ட வயலையும் ஏரியோரத்தின் நீட்சியாகத்தான் நான் கணக்கில் வைப்பேன். அங்கே அடிக்கிற பூச்சிமருந்து குஞ்சையும் கொல்லும், குஞ்சு தின்கிற புழுவையும் கொல்லும்.

கட்லா, ரோகு? அதைத்தானே நாம் அதிகம் விடுகிறோம்?

அவை ஆற்று மீன்கள். வெள்ளம் வரும்போது ஆற்றோரத்தில் மூழ்கிய தாழ்நிலத்தில் முட்டையிடும், நின்ற தண்ணீரில் தானாக இடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருக்கிற சுரப்பி) சாறு ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் பண்ணைக் குஞ்சு என்பதே சாத்தியமானது, அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆக முட்டையிட இவற்றுக்கு உங்கள் ஏரியோரம் தேவையில்லை. விட்ட குஞ்சு பிழைத்து வளர அது தேவை.

அப்படியானால் லட்சக்கணக்கில் குஞ்சு வாங்கி விட்டால் முடிந்ததே, ஓரம் எப்படி இருந்தால் என்ன?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விட்டது எத்தனை என்பதைவிடப் பிழைத்தது எத்தனை என்பதுதான் அறுவடையில் தெரியும். லாரி கரைமேல்தான் நிற்கும், பையைப் பிரித்துக் கல்சரிவிலேயே, மடைக்குப் பக்கத்து ஆழத்தில், கொட்டிவிட்டுப் போவார்கள். போட்டோவும் நன்றாக வரும். ஆழத்தில் விழுந்த குஞ்சுக்கு அங்கே ஒளிய ஒரு புல்லும் இல்லை, பழக்கமில்லாத சூட்டில் மயங்கிக் கிடக்கும், வாளையும் நீர்க்காகமும் அந்த நேரத்துக்காகவே காத்திருந்தவை போல வரும்.

விடுவதானால் காலையிலோ மாலையிலோ விடுங்கள். பையைப் பிரிக்காமல் கால் மணி, இருபது நிமிடம் ஏரித் தண்ணீரில் மிதக்கப் போட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏரித் தண்ணீரைப் பைக்குள் கலந்து, செடி இருக்கிற ஓரங்களில் பல இடமாகப் பிரித்து விடுங்கள். காசு இருந்தால் எண்ணிக்கையைக் குறைத்து விரல் நீளக் குஞ்சாக வாங்குங்கள். ஓரம் மொட்டையாக இருக்கிற ஏரியில் பொடிக்குஞ்சு விடுவது பறவைக்கும் விராலுக்கும் விருந்து வைப்பதுதான்.

ஒளிந்துகொள்வது அவ்வளவு முக்கியமா? யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், அழகான சோதனை அது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு குளத்தை நடுவில் தடுத்து இரண்டாக்கி, இரண்டு பக்கமும் புளூகில் என்கிற மீனைச் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் விட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் அவற்றைத் தின்கிற லார்ஜ்மவுத் பாஸ் மீனையும் விட்டார்கள். 1983 இல் வெளிவந்த முடிவு இது: பாஸ் விழுங்க முடியாத பெரிய புளூகில்கள் எப்போதும்போல வெளியில் போய் நல்ல இரையைத் தின்றன. விழுங்கக்கூடிய அளவிலிருந்த சின்னவை மட்டும் செடிக்குள்ளேயே ஒடுங்கின. செடிக்குள் இரை குறைவாக இருந்தும் வெளியே வரவில்லை, அதனால் பாஸ் இல்லாத பக்கத்துச் சின்னவற்றைவிட மெதுவாகத்தான் வளர்ந்தன.

இதில் இரண்டு சேதி இருக்கிறது. ஒன்று, குஞ்சு ஓரத்தில் இருப்பது அங்கே சாப்பாடு உண்டு என்பதற்காக மட்டும் இல்லை, பயத்தாலும்தான். இரண்டாவது, பயந்து ஒடுங்கியவை அத்தனையும் அதே ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இரைக்குப் போட்டி போடுகின்றன. அதனால் ஓரம் எவ்வளவு அகலமோ, எவ்வளவு வளமோ, அதைப் பொறுத்துத்தான் எத்தனை குஞ்சு பெரிய மீனாக வெளியே வரும் என்பது முடிவாகும். ஏரியின் மொத்தக் கொள்ளளவை மட்டும் வைத்து மீன் கணக்குப் போடுவது இதனால்தான் தப்பாகப் போகிறது.

அதே புளூகில் பொரித்த உடனே ஓரத்தைவிட்டு நடு ஏரிக்குப் போகும், உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் அங்கே எளிதில் கண்ணில் படாது, கொஞ்சம் வளர்ந்து உருவம் தெரிய ஆரம்பித்ததும் ஓரத்துக்குத் திரும்பிவிடும். எல்லா இனமும் பிறந்ததிலிருந்தே ஓரத்தில் கிடப்பதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

கோரையும் பாசியும் அடைத்துக் கிடக்கிறது. சுத்தம் செய்யலாமா?

செய்யலாம், மொட்டையடிக்க வேண்டாம்.

செடி ரொம்ப அடர்ந்தாலும் குஞ்சுக்கு நல்லதில்லை. பகலில் செடி ஆக்சிஜன் விடும், ராத்திரியில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், விடிகிற நேரத்தில் அடர்ந்த பாசிக்குள் ஆக்சிஜன் வெகுவாக இறங்கிவிடும். தவிர, கை நுழையாத அடர்த்தியில் வேட்டையாடுகிற மீன் உள்ளே வர முடியாது, குஞ்சு சாகாது, ஆனால் ஆயிரம் குஞ்சும் அரைவயிற்றோடு பொடியாகவே நிற்கும். முழு மொட்டையும் வேண்டாம், முழு அடைப்பும் வேண்டாம். திட்டுத் திட்டாகச் செடி, நடுநடுவே சந்து, இதுதான் குஞ்சுக்கும் அதைத் தின்கிற மீனுக்கும் ஒத்துவரும்.

செய்முறையில் சொன்னால்: ஒரே வருஷத்தில் ஏரியைச் சுற்றி அறுக்காதீர்கள், கரையிலிருந்து உள்நோக்கி வாய்க்கால் வெட்டுகிற மாதிரி சந்து சந்தாக அறுத்துவிட்டு மீதியை அப்படியே விடுங்கள். மழை தொடங்கி இரண்டு மூன்று மாதம் கையே வைக்காதீர்கள். களைக்கொல்லி அடிக்கவே அடிக்காதீர்கள். செடி மொத்தமாகச் செத்து அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

ஆகாயத்தாமரையையும் விடச் சொல்கிறீர்களா?

இல்லை, அது வேறு கதை. ஓரத்தில் நாலைந்து செடி மிதந்தால் அதன் வேரில் குஞ்சு ஒண்டும், உண்மைதான். ஆனால் அது நாலைந்தோடு நிற்காது, மேலே மூடி வெளிச்சத்தைத் தடுத்து, நீருக்குள் வளர்கிற செடியைச் சாகடித்து, கீழே ஆக்சிஜனையும் குறைத்துவிடும். எடுக்கத்தான் வேண்டும்.

எடுக்கும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். செடியைத் தூக்குமுன் வேரைத் தண்ணீரிலேயே நாலு உதறு உதறுங்கள். கரையில் குவித்த ஆகாயத்தாமரைக் குவியலைக் கிளறிப் பார்த்தால் கருகருவென்ற வேருக்குள் நகத்தளவு குஞ்சுகளும் இறால் பொடியும் துள்ளிக்கொண்டிருக்கும், ஜேசிபி அள்ளினால் அத்தனையும் அதோடு போகும்.

தண்ணீருக்குள் விழுந்து கிடக்கிற மரம், முள் இதையெல்லாம் எடுத்துவிடலாமே, வலை கிழிகிறது.

வலை போடுகிற இடத்தில் எடுங்கள். மற்ற இடத்தில் விடுங்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லிட்டில் ராக் ஏரி என்று ஒன்று இருக்கிறது, அதை ஏற்கெனவே ஒரு ஆய்வுக்காகத் திரை போட்டு இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 2002 இல் ஒரு பாதியில் மட்டும் ஓரத்தில் விழுந்து கிடந்த மரங்களில் பெரும்பகுதியை வெளியே எடுத்தார்கள். அந்தப் பாதியில் மஞ்சள் பெர்ச் என்கிற மீன், மூழ்கிய மரத்திலும் செடியிலும் நாடா மாதிரி முட்டையைச் சுற்றுகிற மீன், அநேகமாக இல்லாமலே போய்விட்டது. அதைத் தின்று வாழ்ந்த பாஸ் மீன்களுக்கு இரை போய், கரையிலிருந்து தண்ணீரில் விழுகிற பூச்சி மாதிரி கிடைத்ததைத் தின்ன ஆரம்பித்தன, வளர்ச்சியும் குறைந்தது. தண்ணீரில் வேறெதுவும் மாற்றவில்லை, மரத்தை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதே பகுதியில் 16 ஏரிகளை எண்ணிப் பார்த்து 1996 இல் வெளியிட்ட இன்னொரு கணக்கில், வீடு கட்டப்படாத ஏரிகளில் ஒரு கிலோமீட்டர் ஓரத்துக்கு 550க்கு மேல் மரத்துண்டுகள் கிடந்தன, விடுமுறை வீடுகளுக்கு முன்னால் இருந்த ஓரத்தில் 57. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று எடுத்ததுதான்.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது ஏரி உள்வாயில் நிற்கிற நாட்டுக் கருவேலம். தண்ணீர் ஏறினால் பாதி மரம் மூழ்கும், முள்ளும் கிளையும் குஞ்சுக்குக் கோட்டை, மேலே பறவைக்குக் கூடு. சீமைக் கருவேலத்தை எடுக்கிறோம் என்று போகிறவர்கள் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய் பார்த்தால் தெரியும், நாட்டுக் கருவேலத்தின் காய் விதைக்கு விதை இடுங்கி மணி கோத்த மாதிரி இருக்கும்.

தூர்வாரினால் மீன் கூடும்தானே?

எங்கே வாருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மடைப் பக்கத்தில் ஆழப்படுத்தினால் கோடையில் கடைசியாக மிஞ்சுகிற தண்ணீரில் தாய்மீன்கள் பிழைக்கும், அடுத்த மழைக்கு அவைதான் முட்டையிடும், ஆகவே அது நல்ல வேலை. ஆனால் வண்டல் எடுக்க வசதி என்று உள்வாயிலேயே ஆளுயரப் பள்ளம் தோண்டி, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, ஏரி முழுவதையும் தொட்டி மாதிரி ஆக்கினால் தண்ணீர் நிற்கும், குஞ்சு நிற்காது. சேறு ஆழத்துக்குப் போய்விட்ட இடத்தில் வெளிச்சம் எட்டாது, செடி வராது. வேலை ஆரம்பிக்கும் முன்பே கூட்டத்தில் கேட்டு வாங்க வேண்டியது இரண்டுதான்: உள்வாயில் பழைய சாய்வு அப்படியே இருக்கட்டும், பள்ளம் வெட்டினால் அதன் ஓரம் நடந்து இறங்குகிற சரிவாக இருக்கட்டும். எடுத்த மண்ணை உள்வாயிலேயே மேடாகக் கொட்டிவிட்டுப் போவதையும் தடுங்கள்.

நடைபாதை, சுற்றிலும் கற்சுவர் என்று நகரத்து ஏரிகளை அழகாக்குகிறார்களே?

நடக்கிறவர்களுக்கு நல்லது. சுவர் நேராகத் தண்ணீருக்குள் இறங்கினால் மீனைப் பொறுத்தவரை அங்கே ஓரமே இல்லை. முழுச் சுற்றளவுக்கும் சுவர் வைக்காமல் வரத்துக்கால் பக்கத்தையாவது சாய்வான மண்கரையாக, கோரையோடு விட்டால் போதும். அங்கே நடைபாதை போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

தண்ணீரைத் திறந்துவிட்டால் குஞ்சு என்ன ஆகும்?

மெதுவாக இறங்கினால் தண்ணீரோடு சேர்ந்து பின்வாங்கும். ஒரேயடியாக இறங்கினால் செடியில் ஒட்டிய முட்டை காற்றில் காயும், ஜிலேபிக் குழியும் மாட்டுக் குளம்புப் பள்ளமும் தனித்தனிக் குட்டையாகி அதில் குஞ்சு மாட்டிக்கொள்ளும், மத்தியானத்துக்குள் கொக்கு வந்துவிடும். பாசனம்தான் முதல், அதில் யாரும் சண்டை போட முடியாது. ஆனால் முறை வைத்துத் திறக்கிற ஊர்களில், ஒரே நாளில் முழு மடையையும் திறப்பதைவிடச் சில நாளாகப் பிரித்துத் திறப்பது பயிருக்கும் நஷ்டமில்லாமல் குஞ்சுக்கும் உதவும்.

கொக்கும் நாரையும் குஞ்சையெல்லாம் தின்றுவிடுகிறதே, விரட்டலாமா?

வேண்டாம். பறவைக்குத் தப்பிக்கத்தானே செடியும் முள்ளும்? அவை இருக்கிற ஏரியில் பறவையும் உண்டு, மீனும் உண்டு. வேடந்தாங்கலில் மரத்துக்கு மரம் கூடு கட்டுகிறது, எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று ஊர்க்காரர்களே தலைமுறை தலைமுறையாகக் காவல் காத்தார்கள். பறவை ஒரு ஏரியைக் காலி செய்கிறது என்றால் அங்கே ஒளிய இடம் இல்லை என்று பொருள்.

விடியற்காலையில் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நோயா?

பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறை. வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால் பயமில்லை, தினமும் நடந்தால் செடி மிதமிஞ்சி இருக்கிறது அல்லது சாக்கடை கலக்கிறது என்று அர்த்தம்.

விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை இவை வளர்ந்தபின் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் என்பதால் மற்ற மீன் திணறுகிற சேற்றோரத்திலும் சமாளிக்கும். பொரித்த உடனே அந்த வசதி வராது, அதற்கான உறுப்பு வளரும்வரை செவுளை நம்பித்தான் இருக்கும்.

ஆக்சிஜன் குறைவாக இருப்பதே சில சமயம் பாதுகாப்பாகவும் ஆகும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்குப் பக்கத்தில் நபுகாபோ என்று ஒரு சிறிய ஏரி, இரண்டிலும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நைல் பெர்ச் என்கிற மீன் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்தது. நபுகாபோவில் ஓரச் சதுப்புச் செடிகளுக்குள் ஆக்சிஜன் குறைவு, பெர்ச்சால் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது, தாங்கக்கூடிய உள்ளூர் மீன்கள் அதற்குள் பதுங்கித் தப்பின. நாம் நாற்றம் பிடித்த சேறு என்று மூக்கைப் பொத்துகிற இடம் சில மீன்களுக்குக் கடைசிப் புகலிடமாக இருக்கலாம்.

கொசுவலையில் பொடிமீன் அள்ளுகிறார்கள். சின்ன மீன்தானே, என்ன கெட்டுவிடும்?

கெண்டைப்பொடி என்று அள்ளுவதில் வளர்ந்தாலே அவ்வளவுதான் இருக்கிற மீன்களும் உண்டு, வளர்ந்தால் கிலோக் கணக்கில் போகிற மீனின் குஞ்சும் உண்டு. கொசுவலைக்கு வித்தியாசம் தெரியாது. அழிகண்மாய் விட்டு (யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று கண்மாயைத் திறந்துவிட்டு) ஊரே ஊத்தா என்கிற மீன்கூடையோடு இறங்குகிற நாளில் தண்ணீர் எப்படியும் வற்றப்போகிறது, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மழைக்காலத்தில், உள்வாயில், கொசுவலை இழுப்பதுதான் அடுத்த வருஷ மீனை இந்த வருஷமே அள்ளுவது.

வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனை ஏரியில் விடலாமா? பாவமாக இருக்கிறது.

விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கிற மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் இப்போது பரவிக் கிடக்கிறது, ஆண் கரை மண்ணைக் குடைந்து பொந்து போட்டு முட்டையைக் காக்கும், மேலே எலும்புத் தகடு இருப்பதால் விராலும் அதை எளிதில் தொடாது. கொசுவை ஒழிக்க 1928 இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா என்கிற சின்ன மீன் கொசுப்புழுவோடு மற்ற மீன்களின் முட்டையையும் பொடிக்குஞ்சையும் தின்கிறது. 1952 இல் வந்த ஜிலேபியை இனி யாராலும் திருப்பி அனுப்ப முடியாது, அது பல ஏரிகளில் ஓரம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே தடை. வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள்.

எங்கள் ஏரியில் ஓரம் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மழை நின்று மூன்று நான்கு வாரம் கழித்து, காற்று இல்லாத காலையில், வெயில் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி உள்வாய்ப் பக்கம் போங்கள். நிழல் தண்ணீரில் விழாமல் நின்று ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள், குஞ்சுகள் முதலில் நிழலாகத்தான் தெரியும், உடம்பைவிட அடிமண்ணில் விழுகிற அதன் நிழல் பளிச்சென்று இருக்கும். ஒரு வெள்ளைத் தட்டை அடியில் வைத்து மேலே வருகிறவற்றைப் பார்த்தால் இன்னும் சுலபம். ஒரே அளவில் ஒரே மாதிரி குஞ்சு மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஜிலேபி. இரண்டு மூன்று உருவத்தில், வெவ்வேறு அளவில் கலந்து இருந்தால் ஓரம் வேலை செய்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் மேலே சொன்ன டம்ளர் சோதனையைச் செய்து இரை இருக்கிறதா என்று பாருங்கள். இரை இருந்தும் குஞ்சு இல்லையென்றால் வரத்துக்காலை யாராவது அடைத்திருக்கிறார்களா என்று ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.